ரிகாயில் ஸ்பிரிங்: தோட்டாவைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்லலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் போட்டிக் கைத்துப்பாக்கிகளைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். துப்பாக்கி சுடும் விளையாட்டின் கருவி நுட்பங்களைத் தமிழில் இவ்வளவு விரிவாக யாரும் எழுதுவதில்லை என்பதால் அந்த முயற்சியை வரவேற்கிறேன். எனினும், சுட்டதும் பின்னோடும் ஸ்லைடை (துப்பாக்கியின் நகரும் மேல்பாகத்தை) மீண்டும் முன்னே தள்ளும் ரிகாயில் ஸ்பிரிங்கைப் பற்றி அதில் இடம்பெற்ற இரண்டு கூற்றுகள், புதிதாகப் போட்டிக்கு வருகிறவர்களை வீண் செலவுக்கும், சில வேளைகளில் ஆபத்துக்கும் இட்டுச் செல்லக்கூடியவை. மென்மையான ஸ்பிரிங்கைப் பொருத்தினால் பின்னுதைப்பு குறையும் என்பது ஒன்று. முன்னணி வீரர்கள் பயன்படுத்தும் ஸ்பிரிங் எடையையே நாமும் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பானது என்பது மற்றொன்று. முதலாவது பாதி உண்மை. இரண்டாவதோ, அந்த வீரர் சுடும் தோட்டாவும் அவருடைய ஸ்லைடும் அவருடைய பிடியும் நம்மிடமும் இருந்தாலொழியப் பயன்படாத அறிவுரை.

பவுண்டுக் கணக்கில் சொல்லப்படும் எண் எதைக் குறிக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். 16 பவுண்டு ஸ்பிரிங் என்றால், ஸ்லைடு முழுவதுமாகப் பின்னுக்கு வந்து நிற்கும்போது அதை முன்னோக்கித் தள்ளும் விசை 16 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 7.3 கிலோ எடைக்குச் சமம். ஸ்லைடு மூடியிருக்கும் நிலையில் அதே ஸ்பிரிங் தரும் விசை இதைவிடக் கணிசமாகக் குறைவு. இந்த இரண்டாவது விசையைப் பொட்டலத்தின் மேல் யாரும் அச்சிடுவதில்லை. ஆனால் தோட்டாவைக் குழலின் பின்முனையிலுள்ள அறைக்குள் முழுவதுமாக அழுத்தி, கடைசிச் சில மில்லிமீட்டர் தூரத்தைக் கடந்து ஸ்லைடைப் பூட்டுவது அந்த விசைதான். ஒரே எண்ணைத் தாங்கிய இரண்டு ஸ்பிரிங்குகள்கூட, கம்பியின் தடிமனும் சுற்றுகளின் எண்ணிக்கையும் தளர்ந்த நிலையின் நீளமும் வேறுபடுவதால், மூடிய நிலையில் வெவ்வேறு விசையைத் தரலாம். சுற்றுகள் ஒரு முனையில் நெருக்கமாகவும் மறுமுனையில் விலகியும் அமைந்த ஏறுவிசை ஸ்பிரிங்குகளில் இந்த வேறுபாடு இன்னும் அதிகம். அவை தொடக்கத்தில் இளகியும் கடைசியில் இறுகியும் நடந்துகொள்கின்றன. ஆகவே ஒரு தயாரிப்பாளரின் 11 பவுண்டை விட்டு மற்றொருவரின் 11 பவுண்டுக்கு மாறுகிறவர், எண் மாறவில்லை என்பதற்காகச் சோதனையைத் தவிர்த்துவிடக் கூடாது. ஒரு வகைத் துப்பாக்கியின் எண்ணை வேறு வகைத் துப்பாக்கியின் எண்ணோடு ஒப்பிடுவதோ அறவே பொருளற்றது.

இனி, பின்னுதைப்பு குறைகிறதா என்ற கேள்விக்கு வருகிறேன். குண்டும் அதன் பின்னால் வெளியேறும் வாயுவும் முன்னோக்கி எவ்வளவு உந்தம் பெறுகின்றனவோ, அவ்வளவு உந்தம் துப்பாக்கிக்குப் பின்னோக்கிக் கிடைக்கிறது. அதை மாற்ற எந்த ஸ்பிரிங்காலும் இயலாது. .45 ஏசிபி என்ற பிஸ்டல் தோட்டாவின் 230 கிரெய்ன் குண்டின் நிறை ஏறத்தாழ 14.9 கிராம். அது வினாடிக்கு 830 அடி, அதாவது சுமார் 253 மீட்டர் வேகத்தில் வெளியேறும்போது குண்டின் உந்தம் மட்டுமே 3.8 நியூட்டன் வினாடியை ஒட்டியிருக்கும். குண்டு குழலுக்குள் ஓடும் நேரம் ஒரு மில்லி வினாடியைத் தாண்டுவதில்லை. 16 பவுண்டு ஸ்பிரிங்கின் முழு விசையும் அந்த ஒரு மில்லி வினாடி நெடுகச் செயல்பட்டதாகத் தாராளமாக வைத்துக் கணக்கிட்டாலும், அது எதிர்த்து நிற்கும் உந்தம் 0.07 நியூட்டன் வினாடிதான். மொத்தத்தில் 2 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. குண்டு குழலை விட்டு நீங்கும்வரை ஸ்பிரிங் ஏறக்குறைய வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறது என்று சொன்னாலும் தவறில்லை. அதன் வேலை அதற்குப் பிறகே தொடங்குகிறது.

பின்னோக்கி ஓடத் தொடங்கிய ஸ்லைடு, முதலில் ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு வருகிறது. அந்த அமுக்கம் பிரேம் (கைப்பிடியோடு கூடிய கீழ்ப்பாகம்) வழியாகக் கைக்கு ஒரு தள்ளலாக வந்து சேர்கிறது. ஸ்பிரிங் ஒன்றே ஸ்லைடை நிறுத்திவிடுவதில்லை என்பதால், மீதமுள்ள வேகத்தோடு ஸ்லைடு பிரேமின் பின்பகுதியில் மோதி நிற்கிறது; இது இரண்டாவது அடி. பிறகு ஸ்பிரிங் ஸ்லைடை முன்னோக்கி ஏவுகிறது, ஸ்லைடு மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவை உருவி, அறைக்குள் செலுத்தி, முன்னால் சென்று மோதிப் பூட்டும்போது துப்பாக்கி முன்பக்கமாக இழுபட்டு, குழலின் வாய் கீழே சாய்கிறது, இது மூன்றாவது. கடனின் மொத்தத் தொகை மாறாமல் தவணைகளின் அளவு மட்டும் மாறுவதைப் போல, ஸ்பிரிங்கின் எடையை மாற்றும்போது இந்த மூன்றில் எது பெரிதாகிறது, எது சிறிதாகிறது என்பதே மாறுகிறது. கனமான ஸ்பிரிங் முதல் தள்ளலைப் பெருக்கி, பின்மோதலைத் தணித்து, முன்மோதலை வன்மையாக்குகிறது. இலேசான ஸ்பிரிங் முதல் தள்ளலை மென்மையாக்கி, பின்மோதலைப் பெருக்கி, முன்மோதலைத் தணிக்கிறது. மென்மையான ஸ்பிரிங்கால் பின்னுதைப்பு குறைந்ததாகச் சிலர் உணர்வதும், அதே மாற்றத்தைச் செய்த வேறு சிலர் துப்பாக்கி கையில் அறைவதாகக் குறைகூறுவதும் இதனால்தான். இருவரும் தாம் உணர்ந்ததைச் சரியாகவே சொல்கிறார்கள். அவர்களுடைய தோட்டாக்கள் வேறு.

போட்டியாளருக்கு இந்த மூன்றில் முக்கியமானது எது? கையில் எவ்வளவு உறைத்தது என்பதைவிட, முன்சைட்டு (குழல்வாய்ப் பக்கமுள்ள குறிமுனை) எங்கே எழுந்து எங்கே வந்து அமர்கிறது என்பதே என் மதிப்பீட்டில் முதன்மையானது. கனமான ஸ்பிரிங் பூட்டிய துப்பாக்கியில் முன்சைட்டு விரைவாக இறங்கும். ஆனால் பின்சைட்டின் பிளவில் நில்லாமல் அதற்கும் கீழே சென்று, பின்னர் மேலே எழுந்து வரும். அந்த இரண்டாவது அசைவு முடியும்வரை அடுத்த சூட்டுக்குக் கண் காத்திருக்க வேண்டியிருக்கிறது. காத்திராமல் சுடுகிறவரின் இரண்டாவது குண்டு தாழ்ந்து விழுகிறது. மிக இலேசான ஸ்பிரிங்கில் முன்சைட்டு சோம்பலாக மேலே தங்கி, மெதுவாக இறங்கும். இரண்டுக்கும் இடையே, சுடுபவர் எதையும் திருத்தாமலேயே முன்சைட்டு புறப்பட்ட இடத்துக்கே திரும்பி அமரும் ஒரு நிலை உண்டு. நாம் தேடுவது அந்த நிலையை.

ஸ்லைடு வேகமாக இயங்கினால் வேகமாகச் சுடலாம் என்ற வாதத்தையும் கட்டுரையாளர் போகிற போக்கில் தொட்டிருக்கிறார். பொதுவான 9 மி.மீ. பிஸ்டல் ஒன்றில் ஸ்லைடு பின்சென்று முன்வந்து பூட்டுவதற்கு ஏறத்தாழ 20இல் ஒரு பங்கு வினாடி ஆகிறது. தேர்ந்த வீரர்களும் அருகிலுள்ள இலக்கில் அடுத்தடுத்த இரண்டு சூடுகளுக்கு இடையே அதைவிட இரண்டு மூன்று மடங்கு நேரம் எடுத்துக்கொள்கிறார்கள். இயந்திரம் மனிதருக்காகக் காத்திருக்கிறதே தவிர, மனிதர் இயந்திரத்துக்காகக் காத்திருப்பதில்லை. ஆகவே சில மில்லி வினாடிகளை மிச்சம்பிடிக்கக் கனமான ஸ்பிரிங்கைத் தேடுவதில் பயனில்லை.

முன்சைட்டு திரும்பி அமரும் நிலை தோட்டாவைப் பொறுத்தது என்பதால், ஸ்பிரிங்கைத் தொடுவதற்கு முன்பே தோட்டாவை முடிவுசெய்துவிட வேண்டும். இதைத் தலைகீழாகச் செய்கிறவர்களே அதிகம். 1976இல் தொடங்கப்பட்ட, ஐபிஎஸ்சி என்ற சர்வதேச நடைமுறைத் துப்பாக்கிச்சுடுதல் அமைப்பின் போட்டிகளில் தோட்டாவின் வலுவைப் பவர் ஃபேக்டர் என்ற எண்ணால் அளக்கிறார்கள். கிரெய்ன் கணக்கில் குண்டின் எடையை, வினாடிக்கு இத்தனை அடி என்ற வேகத்தால் பெருக்கி 1000ஆல் வகுத்தால் அந்த எண் கிடைக்கும். மைனர் வகைக்குக் குறைந்தது 125 வேண்டும். மேஜர் வகைக்கு ஸ்டாண்டர்டு பிரிவில் 170, ஓப்பன் பிரிவில் 160. மேஜரில் சுடுகிறவருக்கு இலக்கின் நடுப்பகுதிக்கு வெளியே விழும் குண்டுகளுக்கு மைனரைவிடக் கூடுதல் புள்ளி கிடைக்கும். அதிக மாற்றங்கள் செய்யாத துப்பாக்கிகளுக்கான புரொடக்ஷன் பிரிவில் எல்லோருக்கும் மைனர் கணக்குத்தான். எனவே அங்கே வலுவான தோட்டாவைச் சுடுவதால் கூடுதல் உதையைத் தவிர வேறெதுவும் கிடைப்பதில்லை. அளவுக்கருவிகளுக்கு இடையிலான வேறுபாட்டுக்கும் வெப்பநிலை மாற்றத்துக்கும் இடம்விட்டு, 130ஐ ஒட்டி நிறுத்திக்கொள்வதே பலரின் வழக்கம். 124 கிரெய்ன் குண்டு வினாடிக்கு 1,050 அடி சென்றால் 130.2, 147 கிரெய்ன் குண்டு 890 அடி சென்றால் 130.8. காகிதத்தில் இரண்டும் ஒன்றேயாயினும், பின்னதற்குப் பொதுவாக வெடிமருந்து குறைவு, வாயுவின் பங்கும் குறைவு. அதன் தள்ளல் மெல்லென வருகிறது. ஒரே பவர் ஃபேக்டர் என்பதற்காக இரண்டுக்கும் ஒரே ஸ்பிரிங் பொருந்தும் என்று முன்கூட்டியே முடிவுசெய்ய முடியாது.

தொழிற்சாலையிலிருந்து வரும் ஸ்பிரிங் போட்டியாளருக்குப் பெரும்பாலும் கனமாகவே இருப்பதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. காவலுக்கும் படைக்கும் வடிவமைக்கப்பட்ட பிஸ்டல், அழுக்கிலும் குளிரிலும், தளர்ந்த பிடியிலும், கிடைக்கிற எந்தத் தோட்டாவோடும் இயங்க வேண்டும்; அதில் மிக வலுவான தோட்டாக்களும் அடங்கும். வினாடிக்கு 1,150 அடி செல்லும் 124 கிரெய்ன் குண்டின் பவர் ஃபேக்டர் 142ஐத் தாண்டுகிறது. அதற்காக அமைந்த ஸ்பிரிங்கோடு 130 மட்டுமே உள்ள தோட்டாவைச் சுடும்போது ஸ்லைடுக்குக் கிடைக்கும் வேகம் குறைவாகவும், திரும்பிவரும் வேகம் தேவைக்கு அதிகமாகவும் அமைந்துவிடுகிறது. ஜான் பிரௌனிங் வடிவமைத்து 1911 மார்ச் மாதத்தில் அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட .45 பிஸ்டலுக்கு 16 பவுண்டு என்பது இன்றுவரை வழக்கமான எண். 230 கிரெய்ன் குண்டு கொண்ட முழு வலுத் தோட்டாவுக்கு அது பொருந்துகிறது. அதே பிஸ்டலில் 185 கிரெய்ன் குண்டோடு வலு குறைந்த தோட்டாக்களை நிதானமாகச் சுடும் புல்ஸ்ஐ (வட்ட இலக்குத் துல்லியச் சுடுதல்) போட்டியாளர்கள் நெடுங்காலமாகவே 12 பவுண்டுக்கும் அதற்குக் கீழும் இறங்கிவிட்டார்கள். 5 அங்குலக் குழல் கொண்ட அந்த வடிவத்தின் 9 மி.மீ. பிஸ்டல்களில் 9 முதல் 12 பவுண்டு வரை சாதாரணமாகக் காணலாம். கிளாக் 17இல் தொழிற்சாலை ஸ்பிரிங் சுமார் 17 பவுண்டு. மைனர் தோட்டா சுடும் போட்டியாளர்கள் 15, 13 என இறங்குகிறார்கள், சிலர் 11 வரைகூட. எஃகு பிரேம் கொண்ட சிஇசட் வகைப் போட்டிப் பிஸ்டல்களில் 8 முதல் 11 பவுண்டு வரை பலரும் பயன்படுத்துகிறார்கள். குழல்வாயில் வாயுவைத் திசைதிருப்பும் காம்பென்சேட்டர் பொருத்திய ஓப்பன் துப்பாக்கிகளில், மேஜர் தோட்டாவைச் சுட்டாலும், மேலே பீய்ச்சும் வாயுவும் காம்பென்சேட்டரின் தடுப்பில் மோதும் வாயுவும் ஸ்லைடின் வேகத்தைத் தணிப்பதால், 7 முதல் 10 பவுண்டு போதுமானதாகிவிடுகிறது. இந்த எண்களைத் தேடலைத் தொடங்கும் இடமாக மட்டும் கொள்ள வேண்டுகிறேன்.

ஸ்லைடின் நிறையும் இதே கணக்கில் சேரும். ஸ்லைடின் மேல், குறிபார்க்க ஒளிப்புள்ளியைக் காட்டும் ரெட் டாட் சைட்டைப் பொருத்தினால் ஓடும் நிறை கூடுகிறது, ஸ்லைடின் வேகம் குறைகிறது. முன்பு சரியாக இருந்த ஸ்பிரிங் இப்போது ஒரு படி கனமாகத் தோன்றலாம். ஸ்லைடில் துளைகள் வெட்டி எடையைக் குறைத்தவருக்கு இது நேர்மாறாக நிகழும். சுத்தியல் கொண்ட பிஸ்டல்களில் ஸ்லைடு பின்செல்லும்போது சுத்தியலையும் மடக்கியாக வேண்டும் என்பதால், சுத்தியல் ஸ்பிரிங்கும் ஸ்லைடைத் தொடக்கத்திலேயே பிடித்துத் தாமதப்படுத்துகிறது. 1911 வகையில் வழக்கமான 23 பவுண்டு சுத்தியல் ஸ்பிரிங்கை, சுடுவிசை (டிரிகர்) இலேசாக வேண்டும் என்று 19க்கோ 17க்கோ குறைத்தவர், ரிகாயில் ஸ்பிரிங்கைத் தொடாமலேயே ஸ்லைடின் வேகத்தைக் கூட்டிவிட்டார் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். சுடுவிசையைச் சீரமைக்கும் வேலையை முதலில் முடித்துவிட்டு, ரிகாயில் ஸ்பிரிங்கைக் கடைசியில் தேர்ந்தெடுப்பதே முறை.

கட்டுரை முற்றிலும் விட்டுவிட்ட ஒரு செய்தி பாதுகாப்பைப் பற்றியது. கிளாக் போன்ற, சுத்தியலுக்குப் பதிலாக ஸ்பிரிங்கால் பாயும் ஊசியான ஸ்ட்ரைக்கர் கொண்ட பிஸ்டல்களில், ஸ்லைடு முன்னோக்கி வந்து பூட்டும் கடைசித் தருணத்தில் ஸ்ட்ரைக்கர் ஸ்பிரிங் அதற்கு எதிராக இழுக்கிறது. ரிகாயில் ஸ்பிரிங்கை அளவுக்கு மீறி இளக்கினால், ஸ்ட்ரைக்கர் ஸ்பிரிங் வென்று ஸ்லைடைச் சற்றே பின்னுக்கு இழுத்து வைத்துவிடும். துப்பாக்கி முழுவதும் பூட்டாத நிலையில் நிற்கும். இதைச் சோதிப்பது எளிது. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துகொண்டு, மேகசினை அகற்றிவிட்டு, குழலைப் பாதுகாப்பான திசையில் மேல்நோக்கிச் சாய்த்துப் பிடித்து, சுடுவிசையை இழுத்து அப்படியே அழுத்தி வைத்திருக்க வேண்டும். பிறகு ஸ்லைடை முழுவதும் பின்னுக்கு இழுத்து, கையோடு மெதுவாக முன்னே விட வேண்டும். ஸ்லைடு தானாகவே முழுவதும் மூடிக்கொண்டால் ஸ்பிரிங்குக்கு வலு இருக்கிறது. பாதியில் நின்றால் அந்த ஸ்பிரிங்கோடு சுடவே கூடாது. இதைச் சரிக்கட்டுவதற்காக ஸ்ட்ரைக்கர் ஸ்பிரிங்கையும் இளக்குகிறவர்கள் உண்டு. அப்போது பிரைமரின் (தோட்டாவின் அடியிலுள்ள பற்றவைப்பின்) மேல் விழும் அடி மென்மையாகி, தோட்டா வெடிக்காமல் போகும் வாய்ப்பு கூடுகிறது. மென்மையான பிரைமர்களுக்குப் பெயர்பெற்ற ஃபெடரல் போன்றவற்றை நாடும் கட்டாயமும் சேர்ந்துகொள்கிறது. ஒரு பவுண்டைக் குறைப்பதற்காக இத்தனையையும் தோளில் ஏற்றிக்கொள்ளத்தான் வேண்டுமா என்பதை அவரவர் தீர்மானிக்கட்டும். கிளாக்கில் நான் 13 பவுண்டுக்குக் கீழே இறங்கும்படி எந்தப் புதியவருக்கும் சொல்ல மாட்டேன்.

தேர்ந்தெடுக்கும் முறையை இனிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். போட்டியில் சுடப்போகும் தோட்டாவையே எடுத்துக்கொண்டு, தொழிற்சாலை ஸ்பிரிங்கிலிருந்து ஒன்று அல்லது இரண்டு பவுண்டு வீதம் கீழிறங்கும் ஸ்பிரிங்குகளைச் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். 10 மீட்டர் தொலைவில் ஒரு சிறிய புள்ளியைக் குறிவைத்து, இரண்டிரண்டு சூடுகளாகச் சுட வேண்டும். ஒவ்வோர் இரட்டைச் சூட்டிலும் முதல் குண்டுக்கு இரண்டாவது குண்டு மேலே விழுகிறதா, கீழே விழுகிறதா என்று குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது குண்டு தொடர்ந்து கீழே விழுந்தால் ஸ்பிரிங் கனம், அல்லது சுடுபவர் உதையை எதிர்பார்த்துக் கையை முன்னே அழுத்துகிறார். எது உண்மை என்பதை மேகசினுக்குள் வேறொருவர் கலந்து வைக்கும் வெடிக்காத பயிற்சித் தோட்டா காட்டிக்கொடுத்துவிடும். தொடர்ந்து மேலே விழுந்தால் ஸ்பிரிங் இளகல், அல்லது பிடி தளர்வு.

இந்தச் சோதனையில் நம் மனமே நமக்கு எதிரி. புதிதாக வாங்கிய ஸ்பிரிங் நன்றாகத்தான் இருக்கும் என்ற முன்முடிவோடு சுடுகிறவருக்கு அது நன்றாகவே தோன்றும். ஆகவே எந்த ஸ்பிரிங் பொருத்தப்பட்டிருக்கிறது என்பதைச் சுடுபவர் அறியாதபடி, கூட வந்தவர் ஒருவர் மாற்றி மாற்றிப் பொருத்தித் தருவதும், எண்ணைத் தனியே குறித்து வைப்பதும் சிறந்த வழி. சுடுபவர் ஸ்லைடைத் தானே இழுத்தால் எடை தெரிந்துவிடும் என்பதால், தோட்டா ஏற்றும் வேலையையும் சுடுமேடையில் அவர் பக்கத்தில் நின்று அந்தத் தோழரே செய்து தர வேண்டும். இலக்குத்தாள்களையும் கடிகாரத்தில் பதிந்த நேரங்களையும் பின்னர் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது, இரண்டு அடுத்தடுத்த எடைகளுக்கிடையே பலரால் வேறுபாடே காண முடிவதில்லை என்பதும் வெளிப்படலாம். அதுவும் பயனுள்ள விடைதான். அப்படியானால் இரண்டில் கனமானதை எடுத்துக்கொள்ளலாம், பிரேமின் ஆயுளாவது கூடும்.

சைட்டின் நடத்தையில் தேறிய ஸ்பிரிங், இயக்கத்திலும் தேற வேண்டும். மேகசினில் ஒரே ஒரு தோட்டாவை இட்டுச் சுட்டு, ஸ்லைடு பின்னால் பூட்டி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இதை இரு கையாலும், வலுவான கை மட்டுமாகவும், வலுக்குறைந்த கை மட்டுமாகவும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஸ்லைடு பின்னால் நிற்காமல் மூடிக்கொண்டால், காலியான உறை வெளியேறாமல் வாயிலில் சிக்கினால், அடுத்த தோட்டாவை எடுக்காமலேயே மூடினால், ஸ்லைடு முழுத் தூரம் பயணிக்கவில்லை என்று பொருள். தோட்டாவுக்கு ஸ்பிரிங் கனம். மேகசினை முழுவதும் நிரப்பியும் சுட வேண்டும், ஏனெனில் அப்போது மேல் தோட்டா ஸ்லைடின் அடிப்பாகத்தில் மிகுந்த அழுத்தத்தோடு உராய்கிறது. மேகசினின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் கடைசித் தோட்டாக்களில் அதற்கு நேர்மாறான சிக்கல் வரலாம், அதாவது ஸ்லைடு அதிவேகமாக முன்னே பாய்ந்து, தோட்டா மேலெழுந்து வருவதற்கு முன்பே அதைக் கடந்துவிடும். சுத்தம் செய்யாமல் சில நூறு தோட்டாக்களைச் சுட்ட பிறகும் ஸ்லைடு முழுவதும் பூட்டுகிறதா என்பதே இலேசான ஸ்பிரிங்குக்கு உண்மையான தேர்வு. கையால் நிரப்பிய தோட்டாக்களில் ஒன்று சற்றே தடித்திருந்தால், 16 பவுண்டு அதை அறைக்குள் அழுத்திவிடும்; 9 பவுண்டு அழுத்தாது. ஸ்பிரிங்கைக் குறைக்கிறவர் தோட்டாக்களை அளவுமானியில் இட்டுப் பார்க்கும் பழக்கத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

உறைகள் விழும் தொலைவை வைத்து ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற பழைய வழிமுறையைக் கட்டுரையாளர் மிகவும் நம்புகிறார். ஒன்றரை முதல் இரண்டு மீட்டருக்குள் உறைகள் ஓரிடத்தில் குவிந்து விழுவது நல்ல அறிகுறிதான். ஆனால் உறையைப் பிடித்து இழுக்கும் கொக்கியின் இறுக்கமும், அதைத் தட்டிவிடும் முனையின் வடிவமும், ஸ்லைடின் மேலுள்ள சைட்டில் உறை மோதித் தெறிப்பதும் அந்தத் தொலைவை மாற்றிவிடுகின்றன. காலடியிலேயே உறைகள் விழுவதும் நெடுந்தொலைவுக்குப் பறப்பதும் எச்சரிக்கைகள். அவற்றுக்கு மேல் அந்தச் சான்றுக்கு மதிப்பளிக்க வேண்டியதில்லை.

பிரேமைக் காப்பதற்காக ரப்பரோ பாலிமரோ கொண்ட இடைத்தட்டைச் செருகுவது ஸ்லைடின் பயணத்தைக் குறைக்கிறது. கிழிந்த துண்டுகள் உள்ளே சிக்குவதும் உண்டு. ஸ்பிரிங்கின் நடுவே ஓடும் வழிகாட்டிக் கம்பியைக் கனமாக்குவதைப் பற்றி ஒரு வரி: எஃகின் அடர்த்தி 7.8, டங்ஸ்டனின் அடர்த்தி 19.3 என்பதால் டங்ஸ்டன் கம்பி முன்பாரத்தைக் கூட்டிக் குழல்வாய் எழுவதைச் சற்றுக் குறைக்கும், ஆனால் ஸ்பிரிங் தேர்வுக்கு அது மாற்றாகாது. இத்தகைய மாற்றங்களில் எவை அனுமதிக்கப்படுகின்றன என்பது பிரிவுக்குப் பிரிவு மாறுவதால், வாங்குவதற்கு முன்பே விதிநூலைப் பார்த்துவிடுவது நல்லது.

சரியான எடையைக் கண்டுபிடித்தபின் ஒரு பவுண்டு மேலே ஏறி நின்றுகொள்வதே என் பரிந்துரை. பயிற்சி மைதானத்தில் உலர்ந்த கையோடு, சுத்தமான துப்பாக்கியில் கிடைத்த நிலை, போட்டி நாளின் வியர்வையிலும் புழுதியிலும் அப்படியே இருக்காது. மேலும், புதிய ஸ்பிரிங் முதல் சில நூறு சூடுகளில் சற்றே சுருங்கி அமர்ந்து, பின்னர் நெடுநாள் நிலையாக இருந்து, மெல்ல மெல்ல வலு இழக்கும். முழு வலுத் தோட்டா சுடும் 1911 வகைப் பிஸ்டல்களில் 3,000 முதல் 5,000 சூடுகளுக்கு ஒருமுறை மாற்றுவது பரவலான பழக்கம். அதே எடையில் புதிதாக ஒன்றை வாங்கிப் பொட்டலத்தைப் பிரிக்காமல் வைத்திருந்து, பழையதை அவ்வப்போது அதன் நீளத்தோடு ஒப்பிடலாம். பழையது கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குட்டையாகிவிட்டால் மாற்றிவிட வேண்டும். முன்சைட்டு திடீரென்று பழைய இடத்தில் அமரவில்லை என்று உணர்கிறவர், தன் பிடியைக் குறைகூறும் முன் இதையும் பார்த்துக்கொள்வது நல்லது.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கட்டுரையோடு அச்சாகியிருந்த அட்டவணையில் வீரர்கள் பயன்படுத்தும் ஸ்பிரிங்குகளின் எடை மட்டுமே இடம்பெற்றிருந்தது. இதன் அடுத்த பகுதியை வெளியிடும்போது, ஒவ்வோர் எண்ணுக்கும் நேராகத் துப்பாக்கியின் வகை, குழலின் நீளம், குண்டின் எடை, அதன் வேகம், ஸ்லைடின் மேல் சைட்டு பொருத்தப்பட்டிருக்கிறதா, சுத்தியல் ஸ்பிரிங் அல்லது ஸ்ட்ரைக்கர் ஸ்பிரிங் மாற்றப்பட்டிருக்கிறதா ஆகியவற்றையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடம் போதாதெனில், வீரர்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டாவது இந்த விவரங்களைத் தர வேண்டும். சுடுவிசையை அழுத்தி ஸ்லைடை மெதுவாக மூடும் சோதனையைத் தனிப்பெட்டியாக வெளியிட்டாலும் நன்று.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
போட்டிப் பிஸ்டல் சுடும் வாசகர் ஒருவர்